குதிகால் தரையில் படாத நடை: பெற்றோருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

எட்டு வைக்கப் பழகும் குழந்தை எக்கி எக்கி நடப்பது வழக்கம்தான். கட்டில் விளிம்பைப் பிடித்து நகரும்போது உடம்பு முன்னால் சாயும், குதிகால் தானாகத் தூக்கிக்கொள்ளும். 2 வயதை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் முதலில் தரையைத் தொடும் நடை வந்துவிடுகிறது. 3 வயது ஆன பிறகும் நுனிக்காலிலேயே நடந்தால் ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்வீடனில் ஐந்தரை வயதுக் குழந்தைகள் 1,436 பேரைப் பார்த்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. அவர்களில் 4.9 சதவீதம் பேர் நுனிக்காலில் நடந்தவர்கள் அல்லது அப்போதும் அப்படியே நடப்பவர்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த வயதுக்குள்ளேயே பழக்கம் விட்டுப் போயிருந்தது. நுனிக்காலில் நடந்த அதே குழந்தைகளை 10 வயதில் மறுபடி பார்த்தபோது 79 சதவீதம் பேர் அந்தப் பழக்கத்தை விட்டிருந்தார்கள். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று பாட்டிகள் சொல்வது பெரும்பாலும் பலிக்கிறது. பலிக்காத குழந்தைகளைத் தொடக்கத்திலேயே பிரித்தறிவதுதான் பெற்றோர் கற்றுக்கொள்ள வேண்டியது. அதற்கு நடையை மட்டும் பார்த்தால் போதாது, கணுக்காலைப் பார்க்க வேண்டும். குதிகாலைக் கீழே வைக்க முடிந்தும் வைக்காமல் நடக்கிற குழந்தை வேறு. வைக்கவே முடியாத குழந்தை வேறு.

முதலில் ஒரு வாரம் கவனியுங்கள்

குழந்தைக்குத் தெரியாமல் செல்போனில் படம் எடுங்கள். வெறுங்கால், அரைக்கால் டிரவுசர். பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, ஒவ்வொன்றும் 10 விநாடி போதும். "நட பார்ப்போம்" என்று சொன்னால் குழந்தை நல்ல பிள்ளையாகக் குதிகாலை ஊன்றி நடந்து காட்டிவிடும், மருத்துவரின் அறையிலும் இதுவே நடக்கும். ஆகவே இந்தப் படம் கையில் இருக்கட்டும்.

படத்தை மெதுவாக ஓட்டி 20 எட்டுகளை எண்ணுங்கள். எத்தனையில் குதிகால் தரையைத் தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்தவுடன், விளையாட்டின் நடுவில், களைத்துப்போன சாயங்காலத்தில் என மூன்று வேளையும் எண்ணினால் உண்மை தெரியும். காலையில் மட்டும் மோசமாக இருந்து போகப் போகச் சரியாகிறதென்றால் தசை இறுகத் தொடங்கியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

பாதத்தை நனைத்து சிமெண்ட் தரையில் நடக்க விடுங்கள். குதிகால் தடம் வட்டமாக விழுகிறதா, வெறும் விரல்களும் முன்பாதமும் மட்டுமா என்று தரையே காட்டிக்கொடுக்கும். பழைய செருப்பையும் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் மழமழவென்று தேய்ந்து, குதிப்பக்கத்து வரிகள் கடையில் வாங்கிய மாதிரியே இருந்தால், மாதக்கணக்கில் அந்தக் குதிகாலுக்கு வேலையே இல்லை என்று அர்த்தம்.

கணுக்காலை அளப்பது

கெண்டைக்காலில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்து, கீழே ஒரே குதிகால் நாணாகச் சேர்கின்றன. மேலே இருக்கும் காஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலுக்கு மேலே தொடங்குகிறது. அடியில் இருக்கும் சோலியஸ், அதாவது அடித்தசை, முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. முழங்காலை மடக்கினால் மேல்தசை தளர்ந்துவிடும். அதனால் இரண்டு நிலைகளிலும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

1. குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். முழங்கால் நேராக இருக்கட்டும்.

2. குதிகாலை உள்ளங்கையில் கிண்ணம் போல் பிடித்து, லேசாக உள்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

3. உங்கள் முன்கை குழந்தையின் உள்ளங்காலை ஒட்டியிருக்க, பாதத்தை மெல்ல முகத்தை நோக்கிச் சாயுங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே நிறுத்துங்கள்.

4. வீட்டில் இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து படம் எடுக்கட்டும். பிறகு ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியைப் படத்தின்மேல் வைத்து அளக்கலாம்.

5. முழங்காலை மடக்கி, மறுபடி இதையே செய்யுங்கள். அடுத்து மற்றக் கால்.

பாதம் காலுக்குச் செங்குத்தாக இருப்பதை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், முழங்கால் நீட்டிய நிலையில் அதற்கு மேல் 10 டிகிரியாவது வர வேண்டும். சாதாரணமாக நடக்க ஏறக்குறைய அவ்வளவு தேவை. சின்னக் குழந்தைகளிடம் 20 டிகிரியும் அதற்கு மேலும் இயல்பாகவே இருக்கும். பூஜ்யத்துக்கே வரவில்லையென்றால் வீட்டுப் பயிற்சியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. நேராக நீட்டும்போது தடுத்து, மடக்கினால் தாராளமாக வந்தால் மேல்தசை மட்டும் இறுகியிருக்கிறது. இரண்டிலும் தடுத்தால் அடித்தசையோ நாணோ சேர்ந்து குறுகியிருக்கிறது.

எல்லோரும் தவறும் இடம் இரண்டாவது படி. குதிகாலைப் பிடிக்காமல் விரல்களைப் பிடித்துத் தள்ளினால் கணுக்கால் அசையாது, பாதம் நடுவில் வளையும். பார்க்க 15 டிகிரி வந்த மாதிரி இருக்கும். உள்ளே நாண் ஓர் இம்மியும் நீண்டிருக்காது. குதிகாலை உள்பக்கம் திருப்பினால் நடுப்பாத மூட்டுகள் பூட்டிக்கொள்ளும், பொய்க்கணக்குக்கு இடமிருக்காது.

குத்தவைத்து உட்காரச் சொல்லியும் பாருங்கள். குதிகால் தூக்கியபடியே உட்கார்ந்தால், அல்லது ஊன்றப் போய்ப் பின்னால் சாய்ந்து விழுந்தால், அடித்தசை இறுகியிருக்கிறது. இந்தியன் டாய்லெட்டில் எதையாவது பிடித்துக்கொண்டே உட்காரும் குழந்தையைக் கவனியுங்கள், பல வீடுகளில் அதுதான் முதல் தடயம். ஆனால் நன்றாகக் குந்துகிறதே என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். குந்தும்போது முழங்கால் மடங்கியிருப்பதால் மேல்தசையின் இறுக்கம் அதில் தெரியாது.

இறுகினால் நடையும் சமநிலையும் என்ன ஆகும்

நல்ல நடையில் குதிகால் முதலில் பட்டு, பாதம் தரையில் படிந்து, உடம்பு அதன்மேல் உருண்டு முன்னேறி, கடைசியில் விரல்கள் உந்துகின்றன. நுனிக்கால் நடையில் முதல் பாதி காணாமல் போகிறது. குதிகாலில் வாங்க வேண்டிய அதிர்வை முன்பாதமும் கெண்டைக்காலும் வாங்குகின்றன. எட்டு குட்டையாகிறது, கொஞ்ச தூரத்திலேயே கால் வலிக்கிறது என்று தூக்கச் சொல்கிறது. முன்பாதம் அகன்று தோல் காய்த்துப்போகும், குதிகால் சிறுத்து மெத்தென்றே இருக்கும்.

சமநிலையின் கதை இன்னும் கொஞ்சம் நுட்பமானது. நாம் சும்மா நிற்கும்போதும் உடம்பு முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது. கெண்டைக்கால் தசையும் முன்னங்கால் தசையும் மாறி மாறி இழுத்து, பாதத்தின் நீளத்துக்குள் அந்த ஆட்டத்தை அடக்குகின்றன. குதிகால் தூக்கிவிட்டால் ஊன்றிய இடம் பாதியாகக் குறுகிவிடும், பின்னால் சாய இடமே இல்லை. கணுக்காலால் சரிசெய்ய வேண்டியதை இடுப்பை வளைத்தோ, அவசரமாக ஓர் எட்டு வைத்தோ சமாளிக்கிறது குழந்தை. அதனால்தான் இக்குழந்தைகளில் பலர் ஓடும்போது பெரிதாகத் தடுமாறுவதில்லை. ஆனால் பள்ளி வரிசையில் ஒரே இடத்தில் நிற்கச் சொன்னால் நெளிந்துகொண்டே இருப்பார்கள். நின்றபடி டிரவுசர் மாட்டத் தெரியாது. சரிவில் இறங்கும்போது சுவரைப் பிடிப்பார்கள். இதை ஆசிரியர் சேட்டை என்று எழுதி அனுப்பும் வாய்ப்பு அதிகம்.

இறுகிய காலைக் கட்டாயப்படுத்தி ஊன்ற வைத்தால் உடம்பு வேறு வழி தேடும். முழங்கால் பின்னால் வளையும், பாதம் வெளிப்பக்கம் திரும்பும், நடுப்பாதம் சரிந்து தட்டையாகும். குதிகால் தரையில் பட்டுவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். கோளாறு கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

காத்திருக்கக் கூடாதவை

ஒரு காலில் மட்டும் நுனி நடை. முதலில் சரியாக நடந்த குழந்தை பிறகு நுனிக்காலுக்கு மாறுவது. குறைமாதப் பிரசவம், கால்களில் விறைப்பு. முதுகின் அடியில் ஆழமான குழியோ மயிர்க்கற்றையோ, கூடவே சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம். பேச்சு தாமதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதைச் சுட்டிக் காட்டாதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வயதைப் பார்க்காமல் குழந்தை நல மருத்துவரிடம் போங்கள். நுனிக்கால் நடை ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் மற்ற அறிகுறி எதுவும் இல்லாமல் நடையை மட்டும் வைத்து யாரும் அந்தப் பெயரைச் சூட்ட முடியாது.

ஆண் குழந்தையென்றால் தரையிலிருந்து எப்படி எழுகிறான் என்று பாருங்கள். திரும்பிக் குப்புற ஊன்றி, கைகளை முழங்காலிலும் தொடையிலும் வைத்து, தன் உடம்பின்மேல் தானே ஏறுவது போல் எழுந்தால், கெண்டைக்காலும் பருத்து கெட்டியாக இருந்தால், டுஷேன் எனப்படும் தசைச்சிதைவு நோயா என்று உடனே பார்க்க வேண்டும். முதலில் சி.கே. என்ற தசை நொதியை அளக்கும் இரத்தப் பரிசோதனை போதும், அந்நோயில் அளவு ஆயிரக்கணக்கில் எகிறி நிற்கும். தொடைத்தசை பலவீனமான இக்குழந்தைகள் முழங்கால் மடங்கி விழாமல் இருக்கவே நுனிக்காலில் நிற்கிறார்கள். அது தெரியாமல் நாணை நீட்டி அறுவை செய்தாலோ வாரக்கணக்கில் மாவுக்கட்டில் போட்டாலோ இருக்கிற நடையும் போய்விடலாம்.

இந்தியாவில் 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். அவர்கள் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பிசியோதெரபிஸ்ட் உட்பட வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்ப்பவர்கள் ஒரே இடத்தில் இருப்பது அங்கே வசதி.

நீட்டும் பயிற்சி

வேறு நோய் இல்லை, பழக்கம்தான் என்று மருத்துவர் சொன்ன பிறகு தொடங்குங்கள். வெந்நீரில் குளித்த பிறகு, அல்லது தூங்கப் போகுமுன், தசை தளர்ந்திருக்கும் நேரம் நல்லது. அளந்தபோது பிடித்த அதே பிடிதான். தடுக்கும் இடம் வரை கொண்டுபோய் 30 விநாடி நிறுத்துங்கள். முழங்கால் நீட்டி 5 முறை, மடக்கி 5 முறை, இரண்டு கால்களுக்கும், தினம் இரண்டு வேளை. விநாடியை எண்ணுவதைவிட ஒரு குழந்தைப் பாட்டைப் பாடி முடிப்பது எளிது. வெடுக்கென்று இழுத்தால் தசை எதிர்த்து இன்னும் இறுகும். குழந்தை அழுதால் நிறுத்துங்கள். அழ வைத்தால் நாளைக்கு உங்களிடம் கால் கொடுக்கவே மாட்டான்.

எண்ணெய் தேய்ப்பதால் கெடுதல் இல்லை, குழந்தை இளகிக் கொடுக்கும். ஆனால் எண்ணெய் தசையை நீளமாக்காது. நீட்டி நிறுத்தும் நேரம்தான் வேலை செய்கிறது.

படுக்க மறுக்கும் குழந்தைக்குச் சாய்பலகை. 30 செ.மீ. நீளமுள்ள வழுக்காத பலகையின் ஒரு முனைக்குக் கீழ் 5 செ.மீ. உயரக் கட்டை வைத்தால் ஏறக்குறைய 10 டிகிரி, 8 செ.மீ. வைத்தால் 15 டிகிரி சரிவு கிடைக்கும். விரல்கள் உயரப் பக்கம், குதிகால் தாழ்ந்த பக்கம். மார்பளவு மேசையில் வண்ணம் தீட்டவோ பிளாக்ஸ் அடுக்கவோ விட்டால் 10 நிமிடம் ஓடிவிடும். பின்னால் நின்று ஒன்றை மட்டும் பாருங்கள்: முழங்கால் பின்னால் வளைந்தால் சரிவு அதிகம், கட்டையை மாற்றுங்கள்.

முன்னங்காலுக்கு வேலை, பிறகு சமநிலை

நீட்டிய தசையைப் பயன்படுத்தாவிட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும். பாதத்தை மேலே தூக்கும் முன்னங்கால் தசை இக்குழந்தைகளிடம் வேலையே பார்த்திருக்காது. குதிகாலில் மட்டும் நடக்கும் பென்குயின் நடை, 5 மீட்டர் தூரம், 4 முறை. நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தின்மேல் 100 கிராம் பச்சைப்பயறு கட்டிய துணிப்பை, குதிகாலை ஊன்றியபடி அதைத் தூக்கி இறக்குவது 10 தடவை. சக்கரம் வைத்த குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து குதிகாலால் தரையை இழுத்து இழுத்து முன்னேறுவது. கைகால் நான்கையும் ஊன்றி, குதிகாலைத் தரையை நோக்கி அழுத்தும் கரடி நடை. மணலில் நடப்பதும் சரிவில் மேலே ஏறுவதும் நல்லவை.

பாண்டியும் டிராம்போலினும் குழந்தைக்குப் பிடிக்கும், ஆனால் இரண்டிலும் முன்பாதத்தில்தான் குதிக்கிறோம். ஏற்கெனவே அளவுக்கு மீறி வேலை செய்யும் கெண்டைக்காலுக்கே மேலும் வேலை. விளையாடட்டும், பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். பரதநாட்டிய வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குத் தட்டடவு அருமையான பயிற்சி, உள்ளங்கால் முழுவதும் அறைய வேண்டுமே. ஆனால் அரைமண்டியில் முழங்கால் மடங்கியிருப்பதால் மேல்தசைக்கு நீட்டம் கிடைக்காது. தட்டடவு நன்றாக வருகிறது என்பதற்காகப் படுக்க வைத்து நீட்டுவதை விட்டுவிட வேண்டாம்.

சமநிலைக்கு ஒற்றைக்காலில் நிற்பது. குதிகால் ஊன்றியிருந்தால்தான் கணக்கு. 3 வயதில் இரண்டு மூன்று விநாடி, 4 வயதில் 5 விநாடி, 5 வயதில் 10 விநாடி நெருக்கி எதிர்பார்க்கலாம். அது வந்த பிறகு தலையணைமேல் இரண்டு காலால் நின்று பந்து பிடிப்பது, தரையில் ஒட்டிய டேப்பின்மேல் குதிகாலும் விரலும் தொட்டுத் தொட்டு நடப்பது. ஆரம்பத்திலேயே தலையணைமேல் ஏற்றினால் குழந்தை பயத்தில் விரல்களைக் குறுக்கி மறுபடி நுனிக்காலுக்குப் போகும்.

"குதிகாலை வை, குதிகாலை வை" என்று நாள் முழுக்கச் சொல்வதால் பயனில்லை. நடப்பது நினைத்துச் செய்யும் காரியமல்ல. நாலு எட்டு வைத்துக் காட்டிவிட்டு மறந்துவிடும், ஐந்தாவது நாள் எரிச்சல்தான் மிஞ்சும்.

செருப்பும் வாக்கரும்

கணுக்காலை மூடும், அடி கெட்டியான ஷூ நல்லது. கையால் நடுவில் மடக்கிப் பாருங்கள், சுலபமாக மடிந்தால் வேண்டாம். கீச்கீச் சத்தம் போடும் செருப்பைக் கேலியாக நினைக்காதீர்கள். ஊதல் குதிப்பக்கத்தில் இருந்தால், குதிகால் பட்டால்தான் சத்தம், வீட்டார் சொல்வதைச் செருப்பே சொல்லிவிடும். சிலவற்றில் ஊதல் நடுவில் இருக்கும், கடையிலேயே விரலால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். பூஜ்யத்துக்கே வராத காலுக்குத் தட்டையான ஷூ மாட்டினால் குதிகால் உள்ளுக்குள் நழுவி வெளியே வரும். அங்கே முதலில் நாண் நீள வேண்டும்.

உட்கார வைத்து உருட்டும் பிளாஸ்டிக் வாக்கரை எடுத்துவிடுங்கள். அதில் குழந்தை பாதி தொங்கிக்கொண்டு விரல் நுனியால் தரையை உந்துகிறது. விழும் ஆபத்துக்காக கனடா 2004-இல் அதை விற்கவே தடை செய்துவிட்டது. நம் பழைய மரநடைவண்டி வேறு ரகம். குழந்தை தன் எடையைத் தன் காலிலேயே தாங்கித் தள்ளுகிறது.

மாவுக்கட்டு வரை போனால்

பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் மூன்று நான்கு மாதத்தில் கோணம் கூடவில்லையென்றால் தொடர் மாவுக்கட்டு சொல்வார்கள். முழங்காலுக்குக் கீழே கட்டி, ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரித்து, கொஞ்சம் கூடுதல் கோணத்தில் மறுபடி கட்டுவார்கள். மொத்தம் 4 முதல் 6 வாரம். கட்டோடு நடக்கலாம், நடக்கவும் வேண்டும். கட்டிய அன்றிரவு விரல்களைப் பாருங்கள்: நீலம் பாய்ந்தாலோ, வீங்கினாலோ, தொட்டால் உணர்ச்சி இல்லையென்றாலோ, விடாமல் அழுதாலோ விடியும்வரை காத்திருக்காமல் கட்டைத் தளர்த்தச் செல்லுங்கள். அரிக்கிறது என்று ஸ்கேலை உள்ளே விடக் கூடாது, தோல் கிழிந்தது வெளியே தெரியாது.

இதோடு தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியும் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். காரணம் தெரியாத நுனிக்கால் நடையில், மாவுக்கட்டோடு ஊசியைச் சேர்த்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்பதே குழந்தைகளைச் சீட்டுக்குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து நடந்த ஆய்வின் முடிவு. மூளை வாதத்தால் (செரிப்ரல் பால்சி) வரும் விறைப்புக்கு அந்த ஊசியின் கணக்கு வேறு. அறுவை சிகிச்சை கடைசி வழி. அதில் நாணை அளவுக்கு மீறி நீட்டிவிட்டால் உந்தும் பலம் போய், முழங்கால் மடங்கியே நடக்கும் நிலை வரும். எந்தத் தசை இறுகியிருக்கிறது என்று இரண்டு நிலைகளிலும் அளந்து சொன்னாரா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்.

கட்டைப் பிரித்ததும் கால் மெலிந்து, நடை முன்பைவிடத் தள்ளாடும். ஒன்றிரண்டு வாரம் அப்படித்தான், பயப்பட வேண்டாம். அந்தச் சமயம் பார்த்துப் பயிற்சியை நிறுத்துகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் திரும்பி வருகிறார்கள். கணுக்காலையும் பாதத்தையும் பிடித்து நிறுத்த இரவில் போடும் ஏ.எஃப்.ஓ. பட்டையைச் சொன்ன காலம் வரை போட வேண்டும். எலும்பு திடீரென்று நீளும் பருவங்களில் தசை பின்தங்கி மறுபடி இறுகும். ஆகவே பேண்ட் குட்டையாகிவிட்டது என்று புதிது எடுக்கும் ஒவ்வொரு முறையும், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துக் கணுக்காலை ஒரு தடவை அளந்துவிடுங்கள்.